வேறொரு வாசகர்

செந்தாமரை எம்.ஏ. படிக்கிறாள் என்று சொன்னால் தெருவில் பாதிப் பேர் நம்பமாட்டார்கள். நம்புகிற பாதிப் பேர் சிரிப்பார்கள். நாற்பதைத் தாண்டிய வயசில், மூணு மா நிலமும் ஒரு கறவை மாடும் வைத்துக்கொண்டு, நடவு நாளில் ஊரார் வயலுக்கும் இறங்கிவிட்டு வருகிறவளுக்கு எம்.ஏ. எதற்கு? "பட்டத்த வாங்கி மாட்டுக் கொம்புல கட்டப் போறியா?" என்று கேட்டவள் அம்சம். பக்கத்து வீடு, பக்கத்து வயல். அப்படிக் கேட்டவளே, செந்தாமரை பரீட்சைக்குத் தஞ்சாவூர் போகிற நாட்களில் வந்து அந்த மாட்டுக்குத் தண்ணியும் காட்டிவிட்டுப் போவாள். அம்சத்தின் குணம் அது.

எதற்கு என்று கேட்டால் செந்தாமரைக்கே சட்டென்று சொல்லத் தெரியாது. அவள் அப்பாவும் அம்மாவும் பண்ணை வயல்களில் குனிந்தே காலத்தைக் கழித்தவர்கள். மகள் பன்னிரண்டாம் வகுப்பு வரை நிமிர்ந்தாள். கல்யாணம் வந்து அதை நிறுத்தியது. பிறகு தன் மகள் தமிழ்நிலா பள்ளிக்கூடம் போன காலத்தில் இவளும் தபாலில் பி.ஏ. சேர்ந்து முடித்தாள். அதே பல்கலைக்கழகத்தில் அடுத்து எம்.ஏ. சமூகவியல். தாள்கள் எல்லாம் எழுதியாயிற்று. மிச்சம் இருப்பது ஒரு ஆய்வேடு, கீழ்த் தஞ்சை வட்டாரத்து நடவுப் பெண்களைப் பற்றி. பொங்கலுக்கு முன்னால் அது போய்ச் சேராவிட்டால் பதிவுக் காலம் முடிந்துவிடும். எழுதிய தாள்கள் அத்தனையும் வெண்ணாற்றோடு போன மாதிரிதான்.

புருஷன் கோவிந்தராசு கதிர் அறுக்கும் மெஷின் டிரைவர். ஐப்பசி பிறந்ததும் மெஷினை லாரியில் ஏற்றிக்கொண்டு ஆந்திரா, கர்நாடகா என்று போனால் பொங்கலுக்குத்தான் ஊர் திரும்புவான். மகள் சென்னையில் நர்ஸ் வேலையில் இருக்கிறாள். ஆக, ஐப்பசியிலிருந்து மார்கழி வரை செந்தாமரை ஒண்டி ஆள். ஒரு ஆளுக்கு உலை வைப்பது மாதிரிக் கொடுமை எதுவும் கிடையாது. கால் படி அரிசி போட்டால் ரெண்டு வேளைக்கு வரும். மிச்சத்தில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலைக்கும் ஆயிற்று. மழை விடாமல் பிடித்துக்கொள்கிற கார்த்திகையில், காலையிலிருந்து ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது விளக்கு வைக்கும்போதுதான் அவளுக்கு நினைவு வரும். அன்றைக்கெல்லாம் மாட்டிடம் பேசுவாள்.

படிப்பாவது நாலு பேரைக் காட்டுமா என்றால், அதுவும் இல்லை. தபால் படிப்பில் பக்கத்து பெஞ்சு ஏது? எப்போதாவது தஞ்சாவூரில் வகுப்பு வைப்பார்கள். வருகிறவர்கள் சம்பள உயர்வுக்காகச் சேர்ந்த வாத்தியார்களும் ஆபீஸ்காரர்களும். கையெழுத்துப் போட்டுவிட்டு போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். ஒருமுறை இவள் புளிசாதம் கட்டிக்கொண்டு போய்ப் பக்கத்திலிருந்த பெண்ணிடம் நீட்டினாள். அந்தப் பெண் "நோ தேங்க்ஸ்" என்றது. அத்தோடு சரி.

கம்ப்யூட்டர் விஷயம் தனிக் கதை. அந்தச் சுற்று வட்டாரத்தில் கம்ப்யூட்டர் என்றால் குழந்தைராஜ். கூத்தாநல்லூர் கடைத்தெருவில் ஜெராக்ஸும் ரீசார்ஜும் ஆன்லைன் வேலையும் அவன் கடையில்தான். ரேஷன் கார்டானாலும் முதியோர் பென்ஷனானாலும், பயிர் இன்சூரன்ஸானாலும், கேட்கிற இடத்தில் எல்லாம் தன் போன் நம்பரையே போட்டுவிடுவான். நம் சனத்திடம் நம்பர் கேட்டால் ஒருவர் மகன் நம்பரைச் சொல்வார், ஒருவர் போன வருஷத்து சிம்மைச் சொல்வார். அவனும் என்னதான் செய்வான்? இதனால் நாலு ஊருக்கும் ஓ.டி.பி. அவன் ஒருத்தன் போனுக்கே வரும். பென்ஷன் ஏறிவிட்டது என்பது கிழவருக்குத் தெரிவதற்கு முன்னால் குழந்தைராஜுக்குத் தெரியும். யாரும் இதைத் தப்பென்று நினைத்ததில்லை. செந்தாமரையின் பி.ஏ. முழுக்க அப்படித்தான் நடந்தது.

எம்.ஏ. சேர்ந்த பிறகு ஊராட்சிக் கட்டடத்தில் பெண்களுக்குக் கணினி வகுப்புப் போட்டார்கள். முதல் நாள் வந்த கூட்டம் களையெடுப்புத் தொடங்கியதும் கரைந்துவிட்டது. செந்தாமரை மட்டும் காலில் சேறு காயாமல் வந்து உட்கார்ந்தாள். தன் பெயரைத் தமிழில் தட்டி அது திரையில் நின்ற அன்று அவளுக்கு வந்த பெருமை கொஞ்சமில்லை; அதற்கு முன் கல்யாணப் பத்திரிகையில்தான் அவள் பெயரை யாரோ அச்சில் போட்டிருந்தார்கள். பிறகு தன் சொந்த நம்பரில் மின்னஞ்சல் திறந்தாள். எம்.ஏ. பதிவெண்ணைப் போட்டுப் பல்கலைக்கழகத்தின் இணைய நூலகத்துக்குள் தானே நுழைந்தாள். குழந்தைராஜ் கடைக்குப் போகிற வேலை அத்தோடு நின்றது.

மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் அரசு கொடுத்த மடிக்கணினி வீட்டில் கிடந்தது. பேட்டரி செத்துவிட்டது, ஒயர் சொருகினால்தான் உயிர் வரும். சிக்னல் மாட்டுக் கொட்டகை ஓரத்தில்தான் கிடைக்கும். ஆகவே வீட்டுக்குள்ளிருந்து ஒயரை இழுத்துப் போட்டு, உரச் சாக்கை விரித்து உட்கார்ந்து, மாடு ஒரு பக்கம் அசைபோட இவள் ஒரு பக்கம் படிப்பாள்.

ஐப்பசி கடைசியில் வழிகாட்டி அறிவுமதி மேடம் போனில் சொன்னார். "செந்தாமரை, நடவுப் பெண்களப் பத்தி ஒரு பழைய ஆய்வு நூல் இருக்கு. நம்ம ஆன்லைன் லைப்ரரியில மட்டும்தான் கிடைக்கும். அதப் பாக்காம இந்தத் தலைப்புல எழுதக் கூடாது. படிச்சிட்டு ஒரு அத்தியாயம் சேருங்க."

தேடினாள், இருந்தது. அட்டைப் படம்கூடத் தெரிந்தது. எடுக்கப் போனால், கீழே ஒரு வரி: இந்நூல் வேறொரு வாசகரிடம் உள்ளது.

மறுநாளும் அதே வரி. அடுத்த வாரமும் அதே வரி. கம்ப்யூட்டருக்குள் இருக்கிற புத்தகத்தை ஒருத்தர் எப்படித் தூக்கிக்கொண்டு போக முடியும்? நூலகத்தின் உதவி எண்ணுக்குப் போன் போட்டாள். எடுத்த பெண்ணின் பெயர் ஃபெபி.

"ஒரு பிரதிக்குத்தாங்க அனுமதி வாங்கியிருக்கோம். ஒரு நேரத்துல ஒருத்தர்தான் படிக்க முடியும். அவங்க திருப்பிக் கொடுக்கலைன்னா தானா புதுப்பிச்சுக்கிட்டே போவும்."

"எப்பத் திருப்பிக் குடுப்பாங்க?"

"அது அவங்க இஷ்டங்க. உங்களுக்கு அவசரம்னா 'திரும்பக் கோரு'ன்னு ஒரு பட்டன் இருக்கும். அத அமுக்குனா அவங்களுக்குத் தகவல் போவும். ரெண்டு நாள்ல கொடுக்கலைன்னா நாங்களே எடுத்துக் கொடுத்துருவோம்."

"யாருங்க அவங்க?"

"அது சொல்லக் கூடாதுங்க."

"ஆம்பளையா பொம்பளையா, அத மட்டுமாச்சும் சொல்லுங்களேன்."

ஃபெபி சிரித்துவிட்டாள். "எனக்கே பேரு காட்டாதுங்க. திருவாரூர் மாவட்டம்னு மட்டும் இருக்கு. அதச் சொன்னதே தப்பு. வச்சிரட்டுமா?"

திருவாரூர் மாவட்டம்! செந்தாமரை போனை வைத்துவிட்டு முதலில் மாட்டிடம் அதைச் சொன்னாள். நம் மாவட்டத்தில், நம்மைப் போல, நடவுப் பெண்களைப் பற்றி இன்னொருத்தி படித்துக்கொண்டிருக்கிறாள். இன்னொருத்திதான், ஆண் என்று அவள் மனசு ஒரு கணம்கூட நினைக்கவில்லை. திருத்துறைப்பூண்டிப் பக்கம் என்று தானாகவே முடிவு செய்துகொண்டாள். ஏன் என்று கேட்டால் காரணம் ஒன்றும் கிடையாது.

அதிலிருந்து தினமும் காலையில் பால் கறந்து முடித்ததும் கம்ப்யூட்டரைத் திறந்து அந்த வரியைப் பார்ப்பாள். வேறொரு வாசகரிடம் உள்ளது. ஆக, இன்னும் படிக்கிறாங்க. எந்த அத்தியாயத்தில் இருக்காங்களோ. ராத்திரி கரண்டு போனால், அவங்களுக்கும் போயிருக்கும் என்று நினைப்பாள். மழை வலுத்தால், அவங்க வீடு ஓட்டு வீடோ என்னமோ, ஒழுகுமோ என்று கவலைப்படுவாள். திருவாரூர் பஸ்ஸில் ஒருநாள் துணிப் பையில் தடித்த புத்தகத்தோடு ஒரு பெண் ஏறினாள். செந்தாமரை இடம் மாறிப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "நீங்க எம்.ஏ. படிக்கிறீங்களா?" என்று கேட்டாள். அந்தப் பெண் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். திருவாரூர் வந்து சேர்வதற்குள் ஒரு பாலிசியின் முழு விவரமும் இவளுக்கு மனப்பாடமாகிவிட்டது.

மார்கழி பிறந்தது. அணையில் தண்ணீர் குறைந்துவிட்டது என்று முறை வைத்துத்தான் வாய்க்காலில் விட்டார்கள். சம்பா கதிர் பால் பிடிக்கிற நேரம். இப்போது தண்ணீர் காட்டாவிட்டால் பதர்தான் மிஞ்சும். வாய்க்காலில் தண்ணீர் வந்த அன்று அம்சம் வயலுக்கு முதல் முறை. செந்தாமரை மண்வெட்டியோடு வரப்பில் காத்திருந்தாள். அம்சம் மடையைத் திறந்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலையைக் கிழித்தாள்.

"ஏன்டி தாமர, அந்தப் பொஸ்தகம் வந்துட்டா?"

"இல்லக்கா. இன்னும் அவங்கதான் வச்சிருக்காங்க."

"எவங்க?"

"தெரியாதுக்கா. நம்ம மாவட்டந்தான். பொம்பளையாத்தான் இருக்கும்."

"அதெப்படி உனக்குத் தெரியும்?"

"ஆம்பளன்னா ஒரே பொஸ்தகத்த இம்புட்டு நாளு வச்சிருப்பானா? புரியலன்னா தூக்கிப் போட்டுட்டுப் போயிடுவான். பொம்பளன்னாத்தான் ஒரு பக்கம் படிச்சிட்டு அடுப்பப் பாக்கணும், இன்னொரு பக்கம் படிச்சிட்டு மாட்டப் பாக்கணும். நாளாவும்ல?"

"கேட்டு வாங்குறதுக்கு என்னமோ பட்டன் இருக்குன்னியே?"

"இருக்கு. அமுக்குனா அவங்ககிட்டேருந்து புடுங்கி எனக்குக் குடுத்துருவாங்க."

"அமுக்க வேண்டியதுதான? வெரல்ல சுளுக்கா?"

செந்தாமரை வயலைக் காட்டினாள். "இப்ப உன் வயல்ல தண்ணி பாயுது. பாதிகூட நெறையல. நான் போயி உன் மடைய அடச்சி என் மடையத் தொறந்தா சும்மா இருப்பியா?"

"மம்பட்டியாலயே போடுவேன்."

"அதான் சொல்றேன். அவங்க பாதியில இருக்காங்க. நான் எப்படி அடைக்கிறது?"

அம்சம் வெற்றிலையை வாயில் ஒதுக்கிக்கொண்டு இவளை ஏற இறங்கப் பார்த்தாள். "அடி கூறு கெட்டவளே. தண்ணிக்கு முறைன்னு ஒண்ணு இருக்குல்ல? என் நேரம் முடிஞ்சா நான் தூங்கிட்டாலும் நீ தொறந்துக்குவ. அவளுக்கு நேரம் முடிஞ்சி எத்தன காலமாவுது? வயலு ரொம்பி வழிஞ்சி வடிகால்ல போவுதோ என்னமோ. ஒனக்கு இங்க பயிரு காயுது, அவளுக்குப் பரிஞ்சிக்கிட்டு வர்ற."

செந்தாமரை மண்வெட்டிக் காம்பிலிருந்த சேற்றை விரலால் வழித்தாள்.

"நான் ஒண்ணு கேக்கவா?" என்றாள் அம்சம். "ஒனக்குப் பொஸ்தகம் வேணுமா, இல்ல அவ வேணுமா?"

இந்த அம்சத்துக்கு எழுதப் படிக்கக்கூடத் தகராறு; ஆனால் போட்டால் சரியான இடத்தில்தான் போடுவாள். செந்தாமரைக்கு முகம் சுண்டிவிட்டது. பட்டனை அமுக்கினால் அந்த வரி போய்விடும். வரி போனால் திருத்துறைப்பூண்டிக்காரியும் போய்விடுவாள். அப்புறம் காலையில் எழுந்து யார் என்ன செய்கிறார்கள் என்று நினைப்பது? அதுதான் உண்மை. அதை இன்றுவரை அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டதுகூட இல்லை.

"ரெண்டுந்தான்க்கா," என்றாள் கடைசியில். அம்சம் அதற்கு மேல் கிண்டல் பண்ணவில்லை. எழுந்துபோய்த் தன் மடையை முறை முடியும் முன்னாலேயே அடைத்து, செந்தாமரையின் மடையைத் திறந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் கோவிந்தராசு ரெய்ச்சூர் பக்கமிருந்து பேசினான். பின்னால் மெஷின் ஓடுகிற சத்தம்.

"சாப்டீங்களா?" என்றாள்.

"ஆச்சு ஆச்சு. வயலுக்குத் தண்ணி பாஞ்சிட்டா? மாடு எப்புடி? ஒன் எம்.ஏ. என்னாச்சு?"

"ஒரு பொஸ்தகத்துல வந்து நிக்கிதுங்க."

"பெல்ட்டு அறுந்தா மெஷினு நிக்கத்தான் செய்யும். மாத்திட்டு ஓட்டு புள்ள. ஒன்னால முடியாதா என்ன?" என்றவன் குரலை இறக்கினான். "தாமர, பொங்கலுக்கு வர முடியாது போல. மொதலாளி இங்கயே இன்னொரு ஊரு புடிச்சிட்டாரு. மாசி பொறக்கத்தான் வருவேன்."

"ஓ," என்றாள்.

"கோவமா?"

"இல்லங்க. கோவம் என்ன. ஒடம்பப் பாத்துக்குங்க."

"சரி, டீசல் வந்துட்டு, வைக்கிறேன்."

அவன் நல்லவன்தான். படிக்காதே என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் நல்லவன் ரெய்ச்சூரில் இருந்தால் இங்கே அடுப்படிக்கு என்ன பிரயோசனம்? பொங்கலன்றும் ஒற்றை ஆளுக்குத்தான் பானை வைக்க வேண்டும். சோற்றில் கை வைக்காமல் தண்ணீர் ஊற்றி மூடிவிட்டாள்.

மறுநாள் காலை அறிவுமதி மேடம் கூப்பிட்டார். குரலில் பழைய இனிப்பு இல்லை. "இன்னும் அந்த நூலப் பாக்கலையா? இந்த வாரக் கடைசிக்குள்ள அத்தியாயம் வந்தாத்தான் நான் கையெழுத்துப் போட முடியும் செந்தாமரை. அது இல்லாம அனுப்புனா வாய்மொழித் தேர்வுல திருப்பி விட்டுருவாங்க. திருப்பினா உங்களுக்கு அடுத்த வருஷம் கிடையாது. புரியுதா?"

"புரியுது மேடம்."

கொட்டகை ஓரம் போய்ச் சாக்கை விரித்தாள். திரையைத் திறந்து, 'திரும்பக் கோரு' என்ற இடத்தில் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, மாட்டைப் பார்த்தாள், தென்னை மரத்தைப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினாள். அமுக்கினால் முடிந்தது என்று பார்த்தால், காரணம் எழுது என்று ஒரு சின்னப் பெட்டி வந்தது. அது வாசகருக்கு அனுப்பப்படும் என்று கீழே போட்டிருந்தது.

'அவசரம்' என்று எழுதினாள். அதட்டுகிற மாதிரி இருந்தது, அழித்தாள். 'ஆய்வேடு முடிக்க வேண்டும்' என்று எழுதினாள். அவங்களுக்கு மட்டும் ஆய்வேடு இல்லையா? அதையும் அழித்தாள். கடைசியில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டி அனுப்பினாள்: 'மன்னிக்கணும், உங்களை அவசரப்படுத்துகிறேன். நல்லா இருக்கீங்களா?'

காரணம் கேட்ட இடத்தில் நலம் விசாரிக்கிற ஆளை அந்த நூலகம் அதுவரை பார்த்திருக்காது. ஆனால் எங்கள் பக்கத்தில் கோர்ட்டு வாசலில் எதிராளியைப் பார்த்தாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். கேட்காமல் பேச்சு எப்படி எடுப்பது?

அதற்குப் பிறகு அவளுக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. அறுப்புக்கு முன்னால் வயலில் தெளிக்க வேண்டிய விதை உளுந்தை முறத்தில் போட்டுப் புடைக்க உட்கார்ந்தாள். சொத்தைக்கும் நல்லதுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அடுப்புப் பற்றவைக்கவும் தோன்றவில்லை. வெயில் கொட்டகைக்குள் வந்த நேரத்தில் போன் அடித்தது. குழந்தைராஜ்.

"அக்கா, நல்லாருக்கீங்களா? கடப்பக்கமே வர்றதில்ல. பெரிய படிப்பு படிச்சி எங்கள மறந்துட்டீங்க."

"அதெல்லாம் இல்ல தம்பி. சொல்லுங்க."

"ஒண்ணுமில்லக்கா, உங்க லைப்ரரியிலேருந்து என் போனுக்கு ஒரு மெசேஜ் வந்துருக்கு. நீங்க ஒரு பொஸ்தகம் எடுத்து வச்சிருக்கீங்களாம். வேற ஒருத்தவங்க அதுக்குக் காத்துக்கிட்டிருக்காங்களாம். திருப்பிக் குடுங்கன்னு போட்டுருக்கு."

"நான் ஒண்ணும் எடுக்கலியே தம்பி."

"நீங்கதானக்கா, எம்.ஏ. சேந்த புதுசுல வந்து, நடவு நட்ட பொம்பளைங்களப் பத்தி எதாச்சும் இருக்கான்னு பாருங்கன்னீங்க. உங்க பி.ஏ. நம்பருதான் எங்கிட்ட இருந்துச்சி, அதுலயே போயி எடுத்தேன். தெறக்குறதுக்குள்ள கரண்டு போயிட்டு. மழ வேற. நாளைக்கி வர்றேன்னு போனீங்க, அப்பறம் வரவே இல்ல. நானும் மறந்துட்டேன். அது இத்தன நாளும் உங்க பேருலயே கெடந்துருக்கு." அவன் சிரித்தான். "ஆனா இந்தக் கேக்குறவங்க ரொம்பத் தங்கமான ஆளுக்கா. காரணம்ங்குற எடத்துல என்ன எழுதியிருக்காங்க தெரியுமா? 'மன்னிக்கணும், உங்களை அவசரப்படுத்துகிறேன். நல்லா இருக்கீங்களா?' யாருக்கா இது, தெரிஞ்சவங்களா?"

முறம் மடியிலிருந்து சரிந்தது. உளுந்து சாணித் தரையில் ஓடியது. அவள் அதைத் தடுக்கவில்லை.

திருத்துறைப்பூண்டியில் யாரும் இல்லை. ஒழுகுகிற ஓட்டு வீடும் இல்லை, பக்கத்துக்கு ஒருதரம் எழுந்துபோய் அடுப்பைப் பார்க்கிறவளும் இல்லை. கரண்டு போனபோது சேர்ந்து இருட்டில் உட்கார்ந்திருந்தது யாரும் இல்லை. நிஜமாக ஒரு ஆள் செத்துப்போனால் நாலு பேரைக் கட்டிக்கொண்டு அழலாம். இல்லாமலே இருந்தவளுக்கு யாரிடம் போய் அழுவது? பட்டம் பிழைத்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. சந்தோஷம் மட்டும் வரவில்லை.

"அக்கா, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் தம்பி."

"திருப்பிக் குடுத்துரட்டுமா? ஒரு அமுக்குதான்."

"குடுத்துருங்க."

"அவங்களுக்குப் பதில் போட எடம் இருக்கு. போடட்டுமா, சும்மா வுட்டுரட்டுமா? பாவம், நல்லாருக்கீங்களான்னு கேட்டுருக்காங்க. இந்தக் காலத்துல எவன் கேக்குறான்?"

செந்தாமரை வாயைத் திறந்தாள். நடந்ததைச் சொல்லிவிடலாம் என்றுதான் திறந்தாள். அவன் சிரிப்பான், கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பான். அது போகட்டும். ஆனால் கேட்டவளுக்குப் பதில் சொல்லாமல் விடுவது அவளுக்கு மரியாதையாகப் படவில்லை.

"போடுங்க தம்பி. நல்லா இருக்கேன்னு போடுங்க."

"சரிக்கா. அவ்ளோதானா?"

"இல்ல, இருங்க." சிதறிய உளுந்தில் ஒரு பிடியை அள்ளி முறத்தில் போட்டாள். "நீங்க சாப்டீங்களான்னு கேளுங்க."

"இதுக்கெல்லாமா பதில் வரப் போவுது? சரி, போட்டுட்டேன்."

போனை வைத்துவிட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். ஐப்பசியிலிருந்து பார்த்துப் பார்த்துப் பழகிய வரி அங்கே இல்லை. இந்நூல் உங்களுக்காகத் தயாராக உள்ளது என்று இருந்தது. அதற்குக் கீழே, முந்தைய வாசகரின் செய்தி என்று போட்டு: 'நல்லா இருக்கேன். நீங்க சாப்டீங்களா?'

நேற்று மத்தியானத்திலிருந்து அவள் வாயில் ஒரு பருக்கை போடவில்லை. வீட்டுக்குள்ளும் தெருவிலும் அதை யாரும் கேட்கவில்லை. அவள் திரையின் பக்கம் குனிந்து, எதிரில் ஆள் உட்கார்ந்திருப்பது போலவே, "இன்னும் இல்லைங்க," என்றாள்.